விளையாட்டிலிருந்து பிறந்த போர் நாவல்கள்: கேள்வி பதில்

செல்லூர் வாசகர்: வீடியோ கேம்களை ஒட்டி எழுதப்படும் ராணுவ அறிவியல் புனைகதைகளைப் பொருட்படுத்திப் படிக்க முடியுமா, ஐயா? விற்பனைக்கான துணைச் சரக்குதானே அவை?

பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் விளையாட்டால் காட்ட முடியாததை எழுதும்போது அந்த நாவலுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. எரிக் நைலண்டின் ‘ஹேலோ: தி ஃபால் ஆஃப் ரீச்’ 2001 அக்டோபரில், முதல் ஹேலோ விளையாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே வெளியானது. விளையாட்டில் நம் கைக்கு வருபவன் பச்சைக் கவசத்துக்குள் முகம் மறைத்த வீரன். நாவலில் அவன் ஆறு வயதில் தன் அரசாலேயே கடத்தப்பட்ட சிறுவன். அவனையும் சேர்த்து 75 பிள்ளைகளைத் தூக்கிவந்து, பெற்றோருக்குச் சந்தேகம் எழாதபடி, விரைவில் நோயுற்று இறந்துபோகும் நகல் குழந்தைகளை அவரவர் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். 14 வயதில் உடலை வலுவாக்கச் செய்யும் அறுவைச் சிகிச்சையில் 30 பேர் இறக்கிறார்கள், 12 பேர் முடமாகிறார்கள். செத்தால் மறு நொடியே எழுந்து ஓடலாம் என்ற விளையாட்டுக்குள் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

அனுப்பானடி வாசகர்: எந்த வரிசையில் படிப்பது?

வெளியான வரிசையில். 2003-இல் வந்த ‘தி ஃப்ளட்’ முதல் விளையாட்டின் கதையையே திரும்பச் சொல்வதால், ஆடி முடித்தவர்கள் அதைத் தாண்டிச் செல்லலாம். கட்டத்துக்குக் கட்டம் விளையாட்டை எழுத்தில் பெயர்க்கும் நாவல்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பழங்காநத்தம் வாசகர்: விண்கப்பல் சண்டைகள் எழுத்தில் சலிப்பூட்டாதா?

எழுதுபவரைப் பொறுத்தது. ‘தி ஃபால் ஆஃப் ரீச்’ நாவலில் கமாண்டர் கீஸ் ஒற்றைக் கப்பலோடு நான்கு எதிரிக் கப்பல்களை எதிர்கொள்கிறார். தன்னைத் துரத்திவரும் பிளாஸ்மாக் குண்டை எதிரிக் கப்பலின் மிக அருகே இழுத்துச் சென்று, அதன்மீதே மோத வைக்கிறார். கப்பல் எவ்வளவு மெதுவாகத் திரும்பும் என்பதை முன்பே சொல்லிவிட்டதால்தான் அந்த இடத்தில் மூச்சு அடைக்கிறது.

ஒக்கூர் வாசகி: சிறுவர்களைப் படைவீரர்களாக்குவதைச் சாகசமாக எழுதும் நூலை நீங்கள் புகழ்வது சரியா, ஐயா?

உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒக்கூர் மாசாத்தியாரையே சாட்சிக்கு அழைக்கிறேன், அம்மா. புறநானூற்றின் 279-ஆம் பாட்டில், தன் வீட்டு ஆண்கள் இருவரை முந்தைய போர்களில் பறிகொடுத்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, கலைந்த குடுமிக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். அந்த எண்ணெயைப் படித்துவிட்டு அதை வெறும் போர்ப்புகழ்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திருப்பரங்குன்றம் வாசகர்: ஒப்பீடு பொருந்தவில்லை. அந்தத் தாய் தானே அனுப்புகிறாள்; நாவலில் நடப்பது திருட்டு.

பொருந்தாத இடத்தில்தான் நாவல் வலுப்பெறுகிறது. பாட்டில் இழப்பவளே முடிவெடுக்கிறாள். நாவலில் பிள்ளைகளைக் கடத்தும் திட்டத்தை நடத்தி, முடிவெடுக்கும் டாக்டர் ஹால்ஸி எதையும் இழக்க வேண்டியதில்லை, குற்றவுணர்வைத் தவிர.

ஒக்கூர் வாசகி: குற்றவுணர்வைக் காட்டிவிட்டு, அந்தத் திட்டத்தால்தான் மனிதகுலம் பிழைத்தது என்று கதையை முடித்தால் அது நியாயப்படுத்துவது ஆகாதா?

ஆகும். ஆட்டக்காரர் வெல்ல வேண்டும் என்பது விளையாட்டின் விதி. அதற்கு முன்கதை எழுதுபவர் அந்த வெற்றியைக் கேள்வி கேட்கலாமே தவிர ரத்துசெய்ய முடியாது. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய ஜோ ஹால்டமன் 1974-இல் ‘தி ஃபாரெவர் வார்’ நாவலில் தன் கதையில் நடக்கும் போரே தேவையற்றது என்று எழுத முடிந்தது. கேம் நிறுவனத்தின் உரிமத்தில் எழுதுபவருக்கு அந்தச் சுதந்திரம் கிடைப்பது அரிது. இந்த வகையின் உண்மையான குறை இதுதான். நீங்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

மேலூர் வாசகர்: வார்ஹாமர் நாவல்கள்?

அவை மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் விளையாட்டிலிருந்து வந்தவை. டான் ஆப்நெட்டின் ‘காண்ட்ஸ் கோஸ்ட்ஸ்’ வரிசையின் முதல் நூல் 1999-இல் வந்தது. படை திரட்டிய நாளிலேயே சொந்தக் கிரகத்தை இழந்த காலாட்படையினரின் கதை என்பதால், விளையாட்டைத் தொடாதவரும் படிக்கலாம்.

திருமங்கலம் வாசகர்: எந்த வரிசையில் படிக்க வேண்டும், ஐயா?

மேலே அனுப்பானடியாருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கே.கே. நகர் வாசகர்: 2010-இல் வந்த ‘ஹேலோ: ரீச்’ விளையாட்டு ‘தி ஃபால் ஆஃப் ரீச்’ நாவலோடு முரண்படுகிறதே, எது செல்லும்?

விளையாட்டில் ‘பில்லர் ஆஃப் ஆட்டம்’ என்ற விண்கப்பல் தரையிலிருந்து கிளம்புகிறது. நாவலில் அது விண்வெளியில் நிற்கிறது. நிறுவனத்துக்கு விளையாட்டுச் செல்லும், எனக்கு நாவல் செல்லும். ஆனால் முரண்களை எளிதாக எண்ணாதீர்கள்: 2012-இல், வேறொரு விளையாட்டை ஒட்டி வந்த ‘மாஸ் எஃபெக்ட்: டிசெப்ஷன்’ நாவலின் பிழைகளை வாசகர்களே பட்டியலிட்ட பிறகு, திருத்துவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

வில்லாபுரம் வாசகர்: முதலில் எதைப் படிக்கலாம், எந்த வரிசை, எங்கே கிடைக்கும்?

முதல் இரண்டுக்கும் பதில் மேலே இருக்கிறது. மதுரை நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் பட்டியலில் தேடுங்கள். இல்லையென்றால் தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஆங்கிலப் பழைய நூல் அடுக்குகளைப் பொறுமையாகப் புரட்டுங்கள். அங்கே ‘தி ஃப்ளட்’ மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.