ஹாலுக்கு விட்ரிஃபைட் டைல்ஸா, ஆத்தங்குடி கல்லா?

கையால் செய்கிற ஆத்தங்குடி சிமெண்ட் கல் போட ஆசை, ஆனால் இன்ஜினியர் தடுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தரைத்தளம், வயதான பெற்றோர் கூட இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: ஹாலுக்குத் தாராளமாகப் போடுங்கள். சமையலறை, குளியலறை பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

எங்கள் இன்ஜினியரும், "கறை பிடிக்கும் சார், பளபளப்பு நிற்காது, நம்ம ஆளுங்களுக்கு ஒட்டத் தெரியாது" என்றார். கறை, ஒட்டும் ஆள் இரண்டும் நியாயமான பயம். பளபளப்பு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரைக்குடி பக்கம் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கலர் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் விடுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. அதன் மேல் மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அமுக்கி, காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் அந்த மினுமினுப்பு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கக் கூடுமே தவிரக் குறையாது.

அங்கே ஒன்று மனசை உறுத்தியது. ஏசி ஷோரூமில் போட்ட பில்லை மறுபேச்சில்லாமல் கட்டுகிறவர்கள், வெயிலில் உட்கார்ந்து கையால் செய்கிறவரிடம் கல்லுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒட்டுவதற்கு இந்தக் கல்லில் பழகிய ஆளையே கூப்பிடுங்கள். கூலி கூடத்தான் ஆகும். ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் கழுவ வருகிறவர்களிடம் அதைவிட ஜாக்கிரதை தேவை. எங்கள் வீட்டில் கான்ட்ராக்டர் அனுப்பிய ஆட்கள், வேண்டாம் என்று சொல்லியும் பெயிண்ட் சொட்டு போக ஒரு மூலையில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள். புஸ்ஸென்று நுரைத்தது. சிவப்பு வெளுத்து, தடவினால் மணல் தாள் மாதிரி சொரசொரத்தது. சிமெண்டும் ஆசிட்டும் சேரவே சேராது. எலுமிச்சை, புளி சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். உபரியாகக் கல் வாங்கி வைத்திருந்ததால் மாற்ற முடிந்தது. வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் துளி தேங்காய் எண்ணெய், பராமரிப்பு அவ்வளவுதான்.

விட்ரிஃபைட் மட்டம் என்று சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் சமையலறையில் அதுதான். அதிகச் சூட்டில் சுட்டெடுத்த டைல்ஸ் என்பதால் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, சாம்பார் கொட்டினாலும் கவலையில்லை. டபுள் சார்ஜ், அதாவது கலர் கலவையைத் தனி அடுக்காக மேலே சேர்த்து அழுத்திய வகை வாங்கினால் கலர் சில மில்லிமீட்டர் ஆழம் வரை இருக்கும். பிரிண்ட் போட்டு மேலே கண்ணாடி மாதிரி பூச்சு கொடுத்த கிளேஸ்டு வகையில் டிசைன் மேலாக மட்டும்தான், தேய்ந்தால் தெரிந்துவிடும். எப்படியானாலும் பளபளக்கிற டைல்ஸ் ஈரமானால் வழுக்கும். அம்மா அப்பா நடக்கிற குளியலறைக்கு மேட் ஃபினிஷ்தான், அதிலும் வழுக்காத் தன்மை ஆர் 11 என்று குறித்திருப்பதைக் கேளுங்கள். சுவருக்கென்று விற்கிற செராமிக்கை, விலை குறைவு என்று தரையில் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கடையில் சாம்பிள் டைல்ஸ் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.