ஐடஹோ நால்வர் கொலை வழக்கும் இணையத் துப்பறிவாளர்களும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்று ஒரு சின்னக் கல்லூரி ஊர். 2022 நவம்பர் 13 அதிகாலை அங்கே ஒரு வாடகை வீட்டில் நான்கு மாணவர்கள் குத்திக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 30 அன்று பென்சில்வேனியாவில், பெற்றோர் வீட்டில் இருந்த பிரையன் கோபர்கர் கைதானார். 2025 ஜூலை 2 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே மாதம் 23ஆம் தேதி பரோல் இல்லாத நான்கு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. நான் இங்கே ஒரு பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில், அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் இடத்தில், வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் எனக்குத் தொடர்பில்லை. பொதுவில் வந்த ஆவணங்களைப் படித்திருக்கிறேன். இறந்தவர்கள், உடன் குடியிருந்தவர்கள் பெயரைக் கேள்வியில் போடாதீர்கள். போட்டால் எடுத்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன்.

காவிரிக்கரை: கைதுக்கு முன்பே இணையத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அந்த ஏழு வாரத்தில் இணையம் யார் யாரை எல்லாம் கொலைகாரர் ஆக்கியது என்று பாருங்கள். அன்றிரவு உணவு வண்டிக்கு அருகே கேமராவில் பதிவான இளைஞர், மாணவிகளை வீட்டில் இறக்கிவிட்ட ஓட்டுநர், ஒரு மாணவியின் முன்னாள் காதலர், உயிர்தப்பிய தோழிகள். இவர்களுக்குச் சம்பந்தமில்லை என்று போலீஸ் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. வதந்திகளை மறுப்பதற்கென்றே தனிப் பக்கம் வைத்தார்கள். கோபர்கர் பெயர் அந்தப் பட்டியல்களில் இல்லை.

போலீஸ் பக்கம் நடந்தது வேறு. வெள்ளை ஹூண்டாய் எலான்ட்ராவைத் தேடும்படி அக்கம்பக்கத்துக் காவல் துறைகளுக்குத் தகவல் போனது. நவம்பர் 29 அன்றே பக்கத்து ஊரான புல்மனில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் காவலர் ஒருவர் பதிவேட்டில் கோபர்கரின் காரைக் கண்டுவிட்டார். கோபர்கர் அங்கே குற்றவியல் முனைவர் பட்ட மாணவர். பொதுமக்களிடம் கார் பற்றிக் கேட்டதே டிசம்பர் 7 அன்றுதான். அதுவும் 2011 முதல் 2013 வரையிலான மாடல் என்று கேட்டார்கள். எஃப்பிஐ நிபுணர் பின்னர் அதை 2016 வரை நீட்டினார். கோபர்கரின் கார் 2015 மாடல். ஆக, மக்கள் தேடிய வரம்புக்குள் அந்தக் கார் இல்லவே இல்லை. அந்த வரம்புக்குள் பதிவான கார்கள் மட்டும் சுமார் 22,000.

பெயரை உறுதியாக்கியது டிஎன்ஏ. கொலை நடந்த வீட்டில் கட்டிலில் கிடந்த கத்தி உறையின் பொத்தானில் ஓர் ஆணின் டிஎன்ஏ இருந்தது. பென்சில்வேனியா வீட்டுக் குப்பையிலிருந்து எடுத்த மாதிரி, அந்த ஆணின் தந்தையுடையது என்று ஆய்வகம் சொன்னது. உறையும் குப்பையும் இணையத்தில் யார் கைக்கும் எட்டாதவை.

பூங்கொடி: நீதிமன்றத்தில் அவர் பார்த்த பார்வையே சொல்லியதே! எத்தனை பேர் வீடியோ போட்டு விளக்கினார்கள்.

பார்வை எதையும் சொல்லாது. எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் அழுபவர் உண்டு, சிரிப்பவர் உண்டு, கல்லாய் உட்கார்ந்திருப்பவரும் உண்டு. அதை வைத்து வழக்கின் முடிவை ஊகிக்க முடிந்ததே இல்லை. கோபர்கருக்கு ஆட்டிசம் இருப்பதாகவும், அவரது வெறித்த பார்வையையும் உணர்ச்சியற்ற முகத்தையும் அதைக் கணக்கில் எடுக்காமல் பொருள்கொள்ளக் கூடாது என்றும் அவருடைய வழக்கறிஞர்களே மனு போட்டார்கள். அவர் குற்றவாளி என்பது இன்று உறுதியானதால் அந்த வீடியோக்கள் சரியாகிவிடவில்லை.

நெல்லை ராசு: உடன் குடியிருந்த பெண் எட்டு மணி நேரம் ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை? அங்கேதான் மர்மம் இருக்கிறது.

இதற்கு ஒரே ஒரு முறை விரிவாகப் பதில் சொல்கிறேன். கொலைகள் அதிகாலை 4 மணிக்கும் 4.25க்கும் இடையில் நடந்தன. 911 அவசர எண்ணுக்கு அழைப்பு போனது காலை 11.58க்கு. கறுப்பு உடையில், வாயும் மூக்கும் மூடிய, அடர்ந்த புருவம் கொண்ட ஒருவர் தன்னைக் கடந்து போனதை அந்தப் பெண் பார்த்தார். உறைந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். கைதுக்கான பிரமாணப் பத்திரத்திலேயே இது இருக்கிறது. 2025இல் வெளிவந்த போன் குறுஞ்செய்திகள் இன்னும் தெளிவாகக் காட்டின: கீழ்த்தளத் தோழிக்குப் பயந்துபோய்ச் செய்தி அனுப்பியிருக்கிறார், மற்றவர்களையும் அழைத்துப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. விருந்தும் ஆள் நடமாட்டமும் சகஜமான வீடு அது. நான்கு பேர் இறந்து கிடப்பார்கள் என்று பதின்ம வயதைத் தாண்டும் ஒரு பெண் எப்படி நினைப்பார்? அவர் சொன்ன நேரமும் அடையாளமும் போலீஸுக்கு உதவின. அவரைத்தான் இணையம் ஆண்டுக்கணக்கில் வதைத்தது.

மலர்: கைதுக்கு முன் ஃபேஸ்புக்கில் கத்தி உறை பற்றி எழுதிய ‘பாப்பா ராட்ஜர்’ கணக்கு அவருடையதுதானே?

பிரமாணப் பத்திரத்தில் அப்படி ஒரு கணக்கு பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் இருப்பது வேறொன்று: குற்றம் செய்யும்போது உணர்ச்சிகள் முடிவெடுப்பதை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டு ரெடிட் விவாதத் தளத்தில் கோபர்கர் போட்ட ஆய்வுக் கேள்வித்தாள்.

கோவை வாசகி: அந்தத் தோழிகளில் ஒருவர்...

ராசுவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஆஸ்டின் கதிர்: அண்ணா, கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டாரே. நாலு பேர் தப்பாகப் பேசினால் என்ன நஷ்டம்? கண்டுகொள்ளாமல் விட்டால் போகிறது.

தம்பி, நஷ்டப்பட்டவரைக் கேட்டால்தானே தெரியும்? ஐடஹோ பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியை ஒருவர். கொல்லப்பட்ட நால்வரில் யாரும் அவரிடம் படித்ததில்லை. கொலை நடந்தபோது அவர் வேறு மாநிலத்தில், ஒரேகானில் இருந்தார். டெக்சாஸிலிருந்து ஒரு பெண், குறி பார்க்கும் டாரட் சீட்டு சொல்லிற்று என்று, கொலையைத் திட்டமிட்டதே இவர்தான் என டிக்டாக்கில் வரிசையாக வீடியோ போட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். இரண்டு முறை வக்கீல் நோட்டீஸ் போயும் நிறுத்தவில்லை. 2022 டிசம்பர் 21 அன்று பேராசிரியை வழக்குத் தொடர்ந்தார். ஒன்பது நாளில் கோபர்கர் கைதான பிறகும் அந்தப் பெண் பின்வாங்கவில்லை. 2024 ஜூனில் நீதிபதி அது அவதூறுதான் என்று தீர்ப்பளித்தார். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் நின்றிருக்குமா?

ஆஸ்டின் கதிர்: அது யாரோ ஒரு கிறுக்கு. கூட்டமாக யோசித்தால் உண்மை வந்துவிடும்.

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் கூட்டமாகத்தான் யோசித்தார்கள். ரெடிட்டில் ஆயிரக்கணக்கானோர் புகைப்படங்களை வட்டமிட்டு, காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவர்தான் குற்றவாளி என்றார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் பக்கத்தில் வசை குவிந்தது. சில நாளில் அவருடைய உடல் பிராவிடன்ஸில் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரெடிட் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. கூட்டத்தில் ஆயிரம் பேர் ஒரே மங்கலான படத்தைப் பார்த்தால் ஆயிரம் சாட்சி ஆகாது, ஒரே மங்கலான படம்தான்.

ஆஸ்டின் கதிர்: அப்போ 2021இல் வயோமிங்கில் காணாமல் போன பெண்ணின் வேன்? யூடியூப் தம்பதிதானே காட்டிக்கொடுத்தது?

ஆமாம், நல்ல கேள்வி. கேபி பெட்டிட்டோ வழக்கு. அந்தத் தம்பதி வயோமிங்கின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா பக்கம் தங்கள் வண்டியில் போகும்போது எடுத்த தங்கள் சொந்த வீடியோவில் அவருடைய வேன் இருந்தது. எங்கே, எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரியும். எஃப்பிஐயிடம் கொடுத்தார்கள், தேடும் பரப்பு சுருங்கியது. யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை, தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். நான் கேட்பதும் இவ்வளவுதான், கதிர். இருப்பதைக் கொடுங்கள், பெயரைப் போடாதீர்கள்.

சிங்கை செல்வம்: டிஎன்ஏவை வைத்து உறவினர் வழியாக ஆளைத் தேடும் மரபணு வம்சாவளித் தேடல் எப்படி நடக்கிறது? டிஎன்ஏ ஒற்றுமையை அளக்கும் சென்டிமார்கன் கணக்கை விளக்க முடியுமா?

என் துறை இல்லை. மரபியல் படித்தவரிடம் கேளுங்கள்.

வைகை: நம்மூரில் கைதானவர் படத்தைப் பகிர்ந்தால் வழக்கு கெடுமா?

கெடலாம். அடையாள அணிவகுப்புக்கு முன்பே சாட்சி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு காட்டினால், அந்த அடையாளம் காட்டலின் மதிப்பு போய்விடும். மேற்கொண்டு அங்கே வழக்காடும் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

தஞ்சைத் தமிழன்: அந்த எட்டு மணி நேரம் பற்றி...

மேலே இருக்கிறது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

மலர்: ஏன் கொன்றார் என்று கடைசிவரை சொல்லவே இல்லையா?

இல்லை. ஒப்புக்கொண்டபோது காரணம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தண்டனை நாளன்றும் பேச மறுத்துவிட்டார். அந்த வெற்றிடத்தில்தான் இப்போது புதுக்கதைகள் வளர்கின்றன.

நியூஜெர்சி அம்மு: அண்ணா, பக்கத்துத் தெருவில் ஒரு தாக்குதல் நடந்தது. ஒருவரைக் கைது செய்திருக்கிறார்கள். என் வாசல் கேமராவில் அந்த நேரத்து நடமாட்டம் பதிவாகியிருக்கிறது. போடட்டுமா?

எங்கும் போடாதே அம்மா. முதலில் பதிவு தானாக அழியாமல் இறக்கி வை. பல கேமராக்கள் சில நாளில் அழித்துவிடும். வெட்டாதே, வெளிச்சம் கூட்டாதே. கேமரா கடிகாரமும் உன் போன் கடிகாரமும் எத்தனை வினாடி வித்தியாசம் என்று இன்றே குறித்து வை. ஐடஹோ வழக்கில் பக்கத்து வீட்டுக் கேமரா ஒன்று 4.17க்கு ஒரு முனகலும் பெரிய சத்தமும் நாய் குரைப்பதும் பதிவு செய்திருந்தது. கொலை நேரத்தை நெருக்கிப் பிடிக்க உதவியவற்றில் அதுவும் ஒன்று. உள்ளூர்க் காவல் நிலையத்தை அழைத்து வழக்கு எண்ணைக் கேட்டு, பதிவைக் கொடுத்து, வாங்கிக்கொண்ட அதிகாரியின் பெயரை எழுதி வைத்துக்கொள். சத்தமும் பதிவாகியிருந்தால் அதையும் சேர்த்துக் கொடு.