தனிப் பகுதியும் தனி மாவட்டமும்

கேள்வி: மாங்கூழ், ஊறுகாய், கேழ்வரகு மாவு, புளி எல்லாம் ஆன்லைனில் விற்கிறோம். போன வருடச் சரக்கு கொஞ்சம் தேங்கிவிட்டது. ஆடி மாதம் எங்கள் தளத்தில் தள்ளுபடிக்கென்று தனிப் பகுதி ஒன்றைச் சோதனையாகத் திறந்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ‘தனி’ என்று யாராவது சொன்னால் போதும், நம் பக்கத்து ஆட்களுக்குக் காது நிமிர்ந்துவிடும். சேலத்தோடு இருந்தோம்; 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமானது. அப்புறம் தருமபுரியோடு இருந்ததும் போதுமென்று 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனியாக வந்தது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, பஸ் ஸ்டாண்டு போர்டெல்லாம் மாறியது. மாம்பழம் மட்டும் இன்னும் சேலத்தை விட்டுப் பிரியவில்லை. உங்கள் ஊர்த் தோப்பில் காய்த்தது சென்னையில் தள்ளுவண்டி ஏறியதும் ‘சேலத்து மாம்பழம்’ ஆகிவிடுகிறது. கூழுக்குப் போகிற காய்க்கோ ‘பெங்களூரா’ என்று பெயர். ஆக, பேர் வாங்க இரண்டு ஊர், மருந்தடிக்கவும் காவல் கிடக்கவும் நாம். இதை எழுதும்போதெல்லாம் சேலத்து வாசகர்கள் கோபமாகக் கடிதம் போடுவார்கள். போடட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். திறந்து பாருங்கள், ஆனால் ஆடியில் வேண்டாம். ஊரே தள்ளுபடி போடும் மாதத்தில் விற்பனை ஏறினால், ஏற்றியது உங்கள் புதுப் பகுதியா, ஆடியா என்று எந்தக் கணக்குப் பிள்ளையாலும் சொல்ல முடியாது. சாதாரண மாதமாகப் பார்த்து, தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் அந்தப் பகுதி தெரியும்படி வையுங்கள். மீதிப் பேர் பழைய கடையையே பார்க்கட்டும். இரண்டும் ஒரே நாட்களில் நடக்க வேண்டும். நாலு ஆர்டர் வந்ததும் ‘ஜெயித்துவிட்டோம்’ என்று நிறுத்தவும் கூடாது. சின்னக் கடைக்கு இதற்குச் சில வாரங்களாவது பிடிக்கும். கடைசியில் ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், கூரியர் செலவு போகக் கையில் நின்ற காசை எண்ணுங்கள். முழு விலைக்கு வாங்க வந்தவரே தள்ளுபடிப் பக்கம் திரும்பியிருந்தால், நீங்கள் விற்றது கூழ், கொடுத்தது லாபம்.

தள்ளுபடி போர்டு என்றாலே எனக்கு ஆகாது. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைக்காரர்கள் 2012-இல் தள்ளுபடியெல்லாம் வேண்டாம், தினமும் ஒரே நியாய விலை என்று ஆரம்பித்தார்கள். அந்த ஓராண்டில் விற்பனை கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில், அந்த யோசனையைக் கொண்டுவந்த தலைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கட்சி தோற்றதை நானே எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 120 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்ததை 200 என்று போட்டு, அதன் மேல் சிவப்புக் கோடு கிழித்து, மறுபடி 120-க்குக் கொடுக்கும் வித்தை. கூடவே ‘இன்னும் 2 டப்பாதான்’ என்று மினுக்கும் எழுத்து. குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்! இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதைத் தடுக்க 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறையே கொண்டுவந்திருக்கிறது. அதில் இதுமாதிரி 13 தந்திரங்கள் பட்டியலில் இருக்கின்றன. 850 கிராம் கூழ் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் தேதியை அப்படியே படம் எடுத்துப் போட்டு, ‘போன வருடச் சரக்கு, அதனால் விலை குறைவு’ என்று எழுதுங்கள். வாங்குகிறவர் வாங்குவார்.

புளியை எதற்கு அந்தப் பகுதியில் தள்ளப் பார்க்கிறீர்கள்? பத்தியத்துக்குப் பழைய புளிதான் வேண்டும் என்று கடை கடையாக அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள். கொட்டை எடுத்து, ‘பழைய புளி’ என்று பெரிதாக எழுதி, கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டி வையுங்கள்.