துணைப்பாடமாகக் கடல்

அன்புள்ள ஐயா,

வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். சிறுவயதிலிருந்தே டால்பின் என்றால் உயிர். கடல் அறிவியலைத் துணைப்பாடமாக எடுக்க ஆசை. நாலு தாள் படிப்பது வெறும் நுனிப்புல் மேய்ச்சல் என்கிறார்கள் தோழிகள். நீச்சலும் தெரியாது. எடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீச்சல் கிடக்கட்டும். தோழிகளும் கிடக்கட்டும். ‘நுனிப்புல்’ என்ற சொல்தான் என்னைச் சீண்டியது.

1977இல் பசிபிக் பெருங்கடலின் காலபாகோஸ் தீவுகள் அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைத் தேடி ஆல்வின் நீர்மூழ்கி இறங்கியது. குழுவில் நிலவியலாளர்களும் வேதியியலாளர்களும் இருந்தார்கள்; உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. வெயில் எட்டாத அந்த இருட்டில் சாண் நீளச் சிப்பிகள் மண்டிக் கிடந்தன. பிடித்த உயிரிகளைப் பதப்படுத்தப் போதிய ஃபார்மலின் இல்லாமல் வோட்காவில் போட்டார்கள்! நீர்க்குப்பியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அங்குள்ள பாக்டீரியாக்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான். கடல் உயிரியலில் நாலு தாள் படித்த ஒருவர் கப்பலில் இருந்திருந்தால் இன்னும் இரண்டு கேன் ஃபார்மலின் ஏறியிருக்கும் என்று நான் எல்லோரிடமும் வாதாடுவேன். ஏறியிருக்காது, உயிரியலாளர்களே அதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் வாதத்தை விட மனமில்லை.

நானும் துணைப்பாடக்காரன்தான். முதல் படகுப் பயணத்தில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கச் சொன்னார்கள். 1888இல் வந்த விங்க்ளர் முறை. பழுப்பு வீழ்படிவு, அமிலம் விட்டதும் தெளிவு, தயோசல்ஃபேட் சொட்டச் சொட்ட வைக்கோல் நிறம், ஸ்டார்ச் விட்டதும் நீலம், கடைசிச் சொட்டில் அந்த நீலம் பொசுக்கென்று காணாமல் போகும். கச்சிதமாக முடித்தேன். விடை அபத்தமாக வந்தது. குப்பியின் கழுத்தில் ஒரு காற்றுக்குமிழி; அதிலிருந்த ஆக்ஸிஜனும் கணக்கில் சேர்ந்துவிட்டது. டைட்ரேஷனில், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பதில், புலி; தண்ணீர் பிடிக்கத் தெரியவில்லை.

இப்போது திட்டு. உங்கள் கடிதத்தில் டால்பின் இருக்கிறது, உப்பு இல்லை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. இடத்துக்கு இடம் அளவு கூடிக் குறைந்தாலும் அதிலுள்ள முக்கிய அயனிகளின் விகிதம் எந்தப் பெருங்கடலிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஏன் என்று கேட்கத் தோன்றாத வேதியியல் மாணவிக்குக் கடல் எதற்கு? டால்பினை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

கோபம் வேண்டாம், அம்மா. பாடத்திட்டத்தில் வேதிப் பெருங்கடலியலும் ஒரு நாளாவது படகும் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். எடுத்தால், குப்பி நிரம்பி வழியட்டும், அதற்கப்புறம் மூடுங்கள்.