மாடிஃபிகேஷனுக்குப் பிறகு ஐடில் ஏறி இறங்குகிறதா? கேள்வி பதில்

இன்ஜினில் ஏதோ ஒன்றை மாற்றிய பிறகு ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் தானாக ஓடும் வேகம், ஆடுகிறது என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: பெரிய த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் தட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) போட்டேன். இன்ஜின் சூடானதும் ஆர்பிஎம் 800க்கும் 1,600க்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. ட்யூன் செய்துவிட்டால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு ட்யூனைத் தொடாதீர்கள். ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது என்றால் தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது ஆர்பிஎம் ஒரு அளவைத் தாண்டினால், வண்டி கியரில் உருண்டு வருகிறது என்று எடுத்துக்கொண்டு ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும், உடனே ஆர்பிஎம் விழும், விழுந்ததும் மறுபடி பெட்ரோல் வரும், கூடுதல் காற்று அப்படியே இருப்பதால் மறுபடி ஏறும். இந்தச் சுற்றைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். 60 மிமீ இருந்த இடத்தில் 70 மிமீ வந்தால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதனால் தட்டு பழைய அளவே திறந்தாலும் காற்று அதிகம். முதலில் த்ராட்டில் பாடி கேஸ்கட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் தட்டு முழுசாக மூடுகிறதா, கேபிள் இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக உங்கள் வண்டிக்குரிய முறைப்படி ஐடில் ரீலேர்ன் செய்யுங்கள், அதாவது ஈசியுவைப் புதிய ஐடிலைக் கற்றுக்கொள்ள வையுங்கள். தட்டு எங்கே நிற்க வேண்டும் என்று வைக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை அடக்கினால், உண்மையான காரணம் மறைந்துவிடும்.

கேள்வி: வேக்கம் லீக் (இன்டேக்கில் ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று நுழைவது) என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா?

பதில்: ஸ்கேனர் இருந்தால் பாதி வேலை முடிந்தது தம்பி. ஃப்யூயல் ட்ரிம் எண்ணைப் பார், ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில் ஐடிலில் +15, 2,500 ஆர்பிஎம்மில் +3 என்று இறங்கினால் அது லீக்தான். ஓட்டை வழியாக வரும் காற்று பெரிதாக மாறாது, மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு குறைந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அதிகமாக இருந்தால் பெட்ரோல் பிரஷர் பக்கம் போ.

தேடுவதற்கு, இன்டேக்கில் புகையை ஏற்றி எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் மாதிரி எதுவும் இல்லை. கார்ப் க்ளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். அதற்குச் சோப்புத் தண்ணீரே மேல். நான் ஒரு வண்டியில் மூன்று நாள் தேடினேன். மேனிஃபோல்ட், ஹோஸ், கிளாம்ப் எல்லாம் நன்றாகவே இருந்தன. கடைசியில் பயன்படாத ஒரு வேக்கம் முனையில் மாட்டியிருந்த சின்ன ரப்பர் மூடி, மேலே பார்க்கப் புதுசு போல் இருந்தது, விரலை அடியில் விட்டுத் தடவியபோதுதான் நீளமாக ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. அதை மூடிய நொடியே ஐடில் ஆட்டம் நின்றது. கண்ணை நம்பாதே, விரலால் தடவிப் பார்.

கேள்வி: ஹெடர்ஸ் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் தனிக் குழாய்கள்) போட்டேன். ஐடில் நடுக்கம், பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 கோடு வருகிறது. இன்டேக்கில் லீக் இல்லை.

பதில்: எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாருக்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு இடையில் அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே வரும். சென்சார் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் குறைவு என்று சொல்லும். ஈசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டு, சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பிறகு ஐடில் குலுங்குகிறது. இது இயல்பா?

பதில்: ஓரளவு இயல்புதான். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுவதால், குறைந்த ஆர்பிஎம்மில் எரிந்த புகை இன்டேக்குக்குத் திரும்பி வரும், சில சுற்றுகள் சரியாக எரியாது. சாதாரணமாக கேஜில் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும் வேக்கம் 10, 12க்கு இறங்கலாம். வேகமாக, ஒரே இடத்தைச் சுற்றிக் குலுங்கினால் அது கேமின் குணம். இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கினால் அது கோளாறு. இலக்கு ஐடிலை 900, 1,000 என்று உயர்த்துங்கள். எரியாத ஆக்சிஜன் ஓ2 சென்சாரை ஏமாற்றும் என்பதால் ஐடிலில் அதன் திருத்தத்தை நிறுத்தி ட்யூன் செய்வதும் உண்டு. இன்னொன்று, தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்: வேக்கம் குறைந்தால், பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கும் குறையும். பெடல் கல் மாதிரி இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: எண்ணெய் பூசிய ஓப்பன் ஃபில்டர் போட்டதிலிருந்து பிரச்சினை.

பதில்: எண்ணெய் அதிகமானால் எம்ஏஎஃப் சென்சாரின் கம்பியில் படியும். அதற்கென்றே விற்கும் க்ளீனரை அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். துணி, பிரஷ் எதுவும் படக்கூடாது.

கேள்வி: டர்போ வண்டியில் ப்ளோ ஆஃப் வால்வை (காலை எடுக்கும்போது மிச்ச டர்போ காற்றை விடும் வால்வு) வெளியே திறக்கிற மாதிரி மாற்றினேன். காலை எடுத்தால் ஐடில் விழுந்து சில நேரம் ஆஃப் ஆகிறது.

பதில்: எம்ஏஎஃப் வண்டி என்றால் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். கணக்கில் எடுத்த காற்றை நீங்கள் வெளியே விட்டுவிட்டீர்கள், பெட்ரோல் மட்டும் பழைய கணக்கில் வருகிறது. மறுபடி இன்டேக்கிற்கே திருப்பிவிடுங்கள்.

கேள்வி: பெரிய இன்ஜெக்டர், தனி ஈசியு. ஃபேன் ஓடினால் ஐடில் தடுமாறுகிறது, பிஐடி (ஐடிலைத் தானாகச் சரிசெய்யும் கட்டுப்பாடு) எண்களை எவ்வளவு மாற்றினாலும் அடங்கவில்லை.

பதில்: பிஐடியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள், அடிப்படை ஆடிக்கொண்டிருக்கும்போது அது ஆட்டத்தைத் துரத்தத்தான் செய்யும். ஃபேன் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், இன்ஜெக்டர் திறக்கக் கொஞ்சம் தாமதமாகும். பெரிய இன்ஜெக்டர் ஐடிலில் திறந்திருப்பதே இரண்டு மில்லிசெகண்ட் அளவுதான் என்பதால் அந்தச் சின்னத் தாமதம்கூடப் பெரிய பிழை. உங்கள் இன்ஜெக்டருக்குரிய டெட் டைம் (திறக்க ஆகும் தாமதம்) அட்டவணையை வோல்டேஜ் வாரியாக ஏற்றுங்கள். அடுத்து ஃப்யூயல் டேபிளில் ஐடிலுக்குக் கீழே உள்ள கட்டங்களைப் பாருங்கள். அங்கே பெட்ரோல் குறைவாக இருந்தால் விழுகிற இன்ஜின் மேலும் விழும். அதன்பின் இக்னிஷன் டைமிங்: ஐடிலில் 12, 15 டிகிரி வைத்துக்கொண்டு, ஆர்பிஎம் இறங்கும்போது சில டிகிரி கூட்டச் சொல்லுங்கள். காற்று வால்வு திறந்து மேனிஃபோல்ட் நிரம்ப நேரமாகும், டைமிங்கோ அடுத்த தீப்பொறியிலேயே வேலை செய்யும். இவ்வளவும் நின்ற பிறகு பிஐடியை மெதுவாகத் திறந்து, ஃபேன், ஏசி, ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலை இன்ஜின் முழுசாகக் குளிர்ந்திருக்கும்போதும் ஒருமுறை.