பெட்சைட் கிரிப் வாங்கும் முன் கட்டிலை அளந்துவிடுங்கள்

தங்கச்சி, இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீடு, ஜனவரியில் பிரசவம் என்று எழுதியிருந்தீர்கள். கட்டிலோடு ஒட்டி வைக்கும் சிறு தொட்டிலான பெட்சைட் கிரிப் தேவையா, தேவையென்றால் எதை வாங்குவது, ஊரிலிருந்து வரப்போகும் அம்மா "தூளி கட்டினால் போதுமே" என்கிறாரே, அவருக்கு என்ன சொல்வது என்பவை உங்கள் கேள்விகள்.

உங்கள் வீட்டுக்கு இது பொருத்தமான சாமான்தான். முதல் ஆறு மாதமாவது குழந்தை, பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும், பெரியவர்கள் இருக்கும் அறையிலேயே தூங்க வேண்டும் என்பது இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்லும் அறிவுரை. அறை சிறியது, குழந்தை கையெட்டும் தூரத்தில் இருக்கும். சிசேரியன் ஆகிவிட்டால் இதன் அருமை இன்னும் தெரியும். முதல் சில வாரங்கள் எழுந்து குனிந்து தொட்டிலிலிருந்து தூக்குவது தையலுக்கு வலி. கிரிப்பில் உங்கள் பக்கத்துச் சுவரை இறக்கிவிட்டு, ஒருக்களித்துப் படுத்த நிலையிலேயே குழந்தையை அருகே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த பிராண்ட் என்று கேட்பதற்கு முன் உங்கள் கட்டிலைப் பாருங்கள். கிரிப் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பலருக்குக் கிரிப்பில் குறை இருக்காது. கட்டிலுக்கும் அதற்கும் ஒத்துவராமல் போயிருக்கும். ஒரு டேப் எடுத்துத் தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேற்பரப்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கட்டிலின் வகை. வாடகை வீடுகளில் அதிகம் இருப்பது டிவான், அதாவது துணி போர்த்திய பெட்டி போன்ற அடிப்பாகம் தரையை ஒட்டி நிற்கும் கட்டில். பல கிரிப்களின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் கிரிப் ஒட்டி நிற்கும். டிவானுக்கு அடியில் இடமே இருக்காது. எனவே கால்களை உள்ளே மடக்கவோ சுருக்கவோ முடிகிற மாதிரியாகத் தேடுங்கள். விற்பனைப் பக்கத்தில் டிவானுக்குப் பொருந்தும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள்.

மரச்சட்டக் கட்டில் என்றால் வேறு சிக்கல். மெத்தையைச் சுற்றிச் சட்டம் சில செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிரிப் போய் முட்டுவது சட்டத்தில், மெத்தையில் அல்ல. நடுவில் ஒரு பள்ளம் விழும். பெரியவர்களின் மெத்தையைக் கிரிப் பக்கமாக இழுத்து ஒட்டவைப்பதுதான் இதற்கு வழி. இடைவெளி மறுபக்கத்துக்குப் போய்விடும். மெத்தை மறுபடி நழுவாமல் இருக்க அடியில் ரப்பர் வலை விரிப்பு ஒன்று போடுங்கள். மெத்தையைத் தூக்கினால் கீழே சாமான் வைக்கும் ஆட்டமன் கட்டிலாக இருந்தால், கிரிப்பைக் கட்டிலோடு பிணைக்கும் பட்டையை மேலே எழும் பலகையில் கட்டக் கூடாது, அசையாத சட்டத்தில்தான் கட்ட வேண்டும். அது முடியாத கட்டிலென்றால் இந்த வகைக் கிரிப்பே வேண்டாம்.

புதிதாக வந்தவர்கள் பலர் தரையில் மெத்தை போட்டோ சோபா கம் பெட்டிலோ படுத்திருப்பார்கள். உங்கள் நிலையும் அதுவானால் பெட்சைட் கிரிப் ஒட்டவே ஒட்டாது. நான்கு பக்கமும் மூடிய சாதாரணத் தொட்டிலை அதே அறையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பில் எந்தக் குறைவும் இல்லை, விலையும் குறைவு.

இப்போது பொருளுக்கு வருவோம். லேபிளில் பி.எஸ். ஈ.என். 1130:2019 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். கிரிப்களுக்கான இன்றைய தரம் அது. அதற்கு முந்தைய மாதிரிகள் பலவற்றில் பக்கச் சுவரை முழுதும் இறக்கிவிடலாம், குழந்தையின் மெத்தையும் உங்கள் மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்கும். புதிய தரத்தில் பக்கத்தை இறக்கினாலும் ஒரு குட்டைத் தடுப்பு நின்றே ஆக வேண்டும். குழந்தை உங்கள் பக்கம் உருண்டு வராமல் இருக்கவும், உங்கள் போர்வை அதன் மேல் சரியாமல் இருக்கவும் அந்தத் தடுப்பு. அதனால் குழந்தையின் மெத்தை உங்களுடையதை விடத் தாழ்ந்துதான் இருக்கும். இதைக் குறை என்று நினைத்து உள்ளே இன்னொரு மெத்தையோ தடித்த விரிப்போ போட்டு உயர்த்துகிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். மெத்தை உயர்ந்தால் சுவர்கள் குட்டையாகிவிடும், ஓரத்தில் முகம் புதையும் சந்தும் உண்டாகும். கிரிப்போடு வந்த மெத்தைதான் அதற்குரியது.

உயரம் சரிசெய்யும்போது கவனிக்க வேண்டியது அந்தக் குட்டைத் தடுப்பின் மேல்விளிம்பை. அது உங்கள் மெத்தையின் மட்டத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் எழும்பி நிற்கக் கூடாது. எழும்பினால் குழந்தையின் கழுத்து அந்த விளிம்பில் மாட்டும் அபாயம் உண்டு. கிரிப்களின் உயரம் படிப்படியாக மாறும். உங்கள் கட்டிலின் அளவு இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் தாழ்ந்த படியை எடுங்கள். நீங்கள் படுத்ததும் மெத்தை அமுங்கும் என்பதால், ஒருவர் ஓரத்தில் படுத்திருக்க மற்றவர் பார்த்து முடிவு செய்வது நல்லது.

மெத்தை கெட்டியாக, சமமாக, நீர் புகாததாக இருக்க வேண்டும். ஊர்க் கண்ணுக்கு அது பலகை மாதிரித் தெரியும், பிஞ்சு உடம்புக்கு மெத்தென்று இருக்க வேண்டாமா என்று அம்மா கேட்பார். மெத்தென்ற பரப்பில் குழந்தையின் தலை அமிழும். முகம் திரும்பினால் மூக்கு அடைபடும், சூடும் கூடும். கையால் அழுத்திப் பாருங்கள், எடுத்ததும் உடனே எழும்ப வேண்டும். ஒரு பக்கத்தைச் சாய்த்து வைக்கும் வசதி பல மாதிரிகளில் உண்டு. எதுக்களிக்கும் குழந்தைக்கு நல்லது என்று அதை விற்கிறார்கள். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சரிவில் குழந்தை கீழே நழுவும், மோவாய் மார்பில் படிந்து மூச்சுக்குழல் மடங்கும். சமமாக வைத்துப் படுக்கவைப்பதே இங்குள்ள அறிவுரை.

விலை சுமார் 80 பவுண்டில் தொடங்கி 250 பவுண்ட் வரை போகும். கூடுதல் விலையில் கிடைப்பது நல்ல துணி, எளிதாக இறங்கும் பக்கம், அழகான மரக்கால். தூக்கத்தின் பாதுகாப்பு விலையோடு ஏறுவதில்லை. இருபுறமும் வலை உள்ள மாதிரியை நான் பரிந்துரைப்பேன். படுத்தபடியே குழந்தையைப் பார்க்கலாம், காற்றும் போகும். சில மாதமே பயன்படும் பொருள் என்பதால் பழையதும் நிறையக் கிடைக்கும், வாங்குவதில் தவறில்லை. வாங்கும் இடத்திலேயே கட்டிலில் கட்டும் பட்டைகளும் அவற்றின் கொக்கிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். தொலைந்து போவது பெரும்பாலும் அவைதான். அவை இல்லாமல் பக்கத்தை இறக்கிப் பயன்படுத்தவே கூடாது. மாதிரியின் பெயரை வைத்து அது திரும்பப் பெறப்பட்ட பொருளா என்று அரசின் பொருள் பாதுகாப்புத் தளத்தில் தேடிவிடுங்கள். மெத்தையை மட்டும், அதே நிறுவனம் அந்த மாதிரிக்கென்று விற்பதாகப் பார்த்துப் புதிதாக வாங்குங்கள்.

பொருத்துவது அரை மணி நேர வேலை. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். புது நுரையின் வாசனையும் போகும். கிரிப்பைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு பட்டைகளையும் கையேட்டில் சொன்னபடி கட்டில் சட்டத்தில் சுற்றி, அல்லது டிவானானால் மெத்தைக்கு அடியில் கொடுத்து அடிப்பாகத்தின் மறுபுறத்தில் மாட்டி, இறுக்குங்கள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளுங்கள், கிரிப்பை வெளிப்பக்கமாக ஓர் இழு இழுங்கள். விரல் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி திறக்கக் கூடாது. திறந்தால் பட்டையை இறுக்குங்கள். துண்டையோ தலையணையையோ திணித்து அடைப்பதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு. திணித்தது இரவில் நழுவும். குழந்தை விழும் பள்ளமும் முகத்தை மூடும் துணியும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். தடித்த கார்ப்பெட்டில் கிரிப் மெல்ல நகரும், மெத்தையும் நகரும். அதனால் ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் அந்த ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

நீங்கள் கட்டிலில் இல்லாத நேரத்தில் பக்கத்தை முழுதாக ஏற்றி மூடிவிட வேண்டும். சமையலறைக்கு இரண்டு நிமிடம் போவதானாலும் அப்படித்தான். உங்கள் தலையணையும் போர்வையும் அந்தப் பக்கம் வராமல் இருக்க, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஒற்றைப் போர்வை வைத்துக்கொள்வது வசதி. பெரிய போர்வையை ஒருவர் இழுத்தால் மற்றவர் பக்கம் பறந்து கிரிப்பில் விழும்.

கிரிப்புக்குள் குழந்தை, விரிப்பு, குழந்தைக்கான தூக்கப் பை அல்லது போர்வை, அவ்வளவுதான். பொம்மை வேண்டாம், ஓரத் தடுப்பு மெத்தை வேண்டாம், நெஸ்ட் என்று விற்கும் வளைந்த மெத்தை வேண்டாம், ஊரிலிருந்து வரும் கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை தட்டையாகிவிடுமே என்று அம்மா கவலைப்பட்டால், விழித்திருக்கும்போது நீங்கள் பார்த்திருக்கக் குப்புறப் போட்டு விளையாட விடுவதும், தூங்கும்போது முகம் ஒருநாள் இடமும் மறுநாள் வலமுமாகத் திரும்பும்படி படுக்கவைப்பதும் அதற்குப் பரிகாரம்.

எப்போதும் மல்லாக்க. "பால் புரையேறுமே" என்பதுதான் ஊர்ப் பெரியவர்களின் முதல் பயம். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருக்கிறது. எதுக்களித்த பால் மேலேறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும்; குப்புறப் படுத்தால் வழி கீழ்நோக்கி இருக்கும். 1991 இல் இங்கே மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு தூக்கத்திலேயே நிகழும் திடீர்ச் சிசு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஹெல்த் விசிட்டர், அதாவது குழந்தையைப் பார்க்க வரும் சுகாதாரச் செவிலியர், வீட்டுக்கு வரும் நாளில், பொதுவாகப் பிறந்து 10 முதல் 14 நாளுக்குள், அம்மாவையும் உடன் உட்காரவையுங்கள். மகள் சொல்வதை விட அவர் சொல்வது எடுபடும்.

ஜனவரிக் குழந்தைக்கு நம்மவர்கள் செய்வது அதிகச் சூடு. ஹீட்டரை 25 டிகிரிக்கு வைத்து, குல்லா, கையுறை, இரண்டு கம்பளி என்று சுற்றிவிடுகிறார்கள். அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். சில பவுண்டில் அறை வெப்பமானி கிடைக்கும், கிரிப் அருகே வையுங்கள். அந்த வெப்பத்துக்குப் பனியன், முழுக்கை உடுப்பு, அதன் மேல் 2.5 டாக் தூக்கப் பை சரி (டாக் என்பது துணியின் கதகதப்பைச் சொல்லும் அளவு). அறை இருபதைத் தாண்டினால் 1 டாக். பையின் கழுத்தும் கையும் குழந்தையின் அளவுக்கு இருக்க வேண்டும், தலை உள்ளே நழுவும்படி தொளதொள என்று இருக்கக் கூடாது. பை போட்டால் வேறு போர்வை கிடையாது. போர்வைதான் என்றால் பாதம் கிரிப்பின் கால்மாட்டில் படும்படி படுக்கவைத்து, தோளுக்கு மேல் ஏறாமல் ஓரங்களைச் செருகுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா கூடாது. குழந்தை தன் அதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. கைகால் சில்லென்று இருப்பது இயல்பு. மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

ரேடியேட்டரை ஒட்டியோ ஜன்னல் திரையின் கயிறு எட்டும் இடத்திலோ கிரிப் வேண்டாம். பழைய வீடுகளில் குளிர்காலம் முழுக்க வெளிச்சுவர் ஈரம் கோத்துக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அந்தச் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை மெத்தையை எடுத்து நிமிர்த்திக் காற்றாட விடுங்கள், அடிப்பலகையிலும் ஈரம் தங்கும். விரிப்பு நான்கு வாங்குங்கள், துவைத்த துணி வீட்டுக்குள் காய நாளாகும். சாம்பிராணி படுக்கையறையில் வேண்டாம். புகை குழந்தைக்கு ஆகாது, ஸ்மோக் அலாரமும் அலறும்.

தூளி விஷயம். இங்குள்ள கூரைகள் பெரும்பாலும் பிளாஸ்டர்போர்டு, கொக்கி தாங்காது, வாடகை வீட்டில் துளையிட அனுமதியும் கிடைக்காது. ஸ்டாண்டோடு வரும் தூளி தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ஆனாலும் இரவுத் தூக்கத்துக்கு அது வேண்டாம். சேலையின் வளைவில் குழந்தை மடங்கி, மோவாய் மார்பில் படியும். ஊரில் தூளிக்குப் பக்கத்தில் எப்போதும் யாராவது விழித்திருந்தார்கள். இங்கே நள்ளிரவில் எல்லாரும் தூங்கியிருப்பீர்கள்.

இரவில் பால் கொடுத்ததும் குழந்தையைக் கிரிப்பில் விட்டுவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும். சோர்வில் தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுக்காதீர்கள். குழந்தையோடு தூங்கிப்போக மிக ஆபத்தான இடம் அதுதான். உங்களில் யாராவது புகைப்பவராக இருந்தாலோ, மது அருந்தியிருந்தாலோ, தூக்கம் வரும் மருந்து எடுத்திருந்தாலோ, குழந்தை 37 வாரத்துக்கு முன்போ 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தாலோ, பெரியவர்களின் கட்டிலில் குழந்தையைச் சேர்த்துக்கொண்டு தூங்கவே கூடாது.

குழந்தை கையூன்றி எழும்பவோ, உட்காரவோ, விளிம்பைப் பிடித்து இழுக்கவோ தொடங்கியதும் கிரிப்பின் காலம் முடிந்தது. கையேட்டில் பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது 9 கிலோ என்று இருக்கும்; எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. நீளமான குழந்தைக்கு நான்கைந்து மாதத்திலேயே தலையும் காலும் இடிக்கும். அதனால் 120க்கு 60 செ.மீ. மெத்தை கொள்ளும் அடுத்த தொட்டிலுக்கு அறையில் எங்கே இடம் என்று இப்போதே பார்த்து வையுங்கள். அந்த இடம் இப்போதே இருக்கிறதென்றால், கிரிப்பை விட்டுவிட்டு முதல் நாளிலிருந்தே அந்தத் தொட்டிலைக் கட்டிலருகே போட்டுக்கொள்ளலாம். பிறந்த குழந்தைக்கும் அது பாதுகாப்பானதுதான்.