வாசகர் கேள்வி: வாதத்தை வரைந்து பார்க்கும் முறை

கேள்வி: ஒரு கட்டுரையின் வாதத்தை வரைபடமாக்க முயன்றேன். முடிவை மேலே எழுதி, காரணங்களை வரிசையாகக் கீழே எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்புக்குறி போட்டேன். படம் வந்துவிட்டது, ஆனால் வாதம் வலுவானதா என்பது விளங்கவில்லை. எங்கே பிசகு?

பதில்: எல்லாக் காரணங்களுக்கும் தனித்தனி அம்பு போட்டதில்தான். சில காரணங்கள் பிறவற்றின் துணையின்றியே முடிவைத் தாங்கும். சில காரணங்கள் கைகோத்தால் மட்டுமே தாங்கும். ஒரு காரணத்தை விரலால் மறைத்துப் பாருங்கள்: எஞ்சியது முடிவுக்கு இன்னும் ஆதாரமாக நின்றால் இரண்டும் தனித்தனி, பொருளற்றுப் போனால் இரண்டையும் ஒரே கோட்டால் இணைத்து, அந்த இணைப்பிலிருந்து ஓர் அம்பு மட்டுமே வரைய வேண்டும்.

‘தூண்களில் விரிசல் விழுந்திருப்பதால் இந்தப் பாலத்தில் லாரிகளை அனுமதிக்கக் கூடாது’ என்று ஒருவர் வாதிடுவதாகக் கொள்வோம். முடிவில் வரும் முக்கியச் சொல் ஒவ்வொன்றும் காரணங்களில் எங்காவது இருந்தாக வேண்டும் என்பது இத்துறையின் விதிகளில் ஒன்று. இங்கே ‘லாரி’ காரணத்தில் இல்லை. காரணத்தில் வரும் சொல் முடிவிலோ இணைக் காரணத்திலோ மீண்டும் வர வேண்டும் என்பது மற்றொரு விதி. ‘விரிசல்’ அப்படி வரவில்லை. துணையற்று நிற்கும் இவ்விரண்டையும் சேர்த்தால், ‘தூண்களில் விரிசல் விழுந்த எந்தப் பாலத்திலும் லாரிகளை அனுமதிக்கக் கூடாது’ என்ற, அவர் சொல்லாமல் விட்ட கூற்று வெளிப்படும். விரிசல் மேற்பூச்சில் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர், தம் ஆட்சேபத்தை இந்தக் கூற்றின் மீதுதான் பொருத்த வேண்டும். பெரும்பாலோர் அதை நேரே முடிவின் மீது வீசுவதால்தான் விவாதங்கள் நகராமல் நிற்கின்றன என்பது என் கணிப்பு. ‘அணுகுசாலை மிகக் குறுகலானது’ என்று அவர் மேலும் சொன்னால், அது தனிக் காரணம். அதற்குத் தனி அம்பு உண்டு, தேடியெடுக்க வேண்டிய தனி மறைகூற்றும் உண்டு.

கேள்வி: படத்தில் ஒவ்வொரு காரணத்தையும் ஒரு கட்டத்துக்குள் எழுதினால், அதில் எவ்வளவு எழுதலாம்?

பதில்: மெய் என்றோ பொய் என்றோ சொல்லத்தக்க ஒரே ஒரு முழு வாக்கியம். ‘விரிசல்’ என்று மட்டும் எழுதினால் அதை ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. ‘ஏனெனில்’, ‘ஆகவே’ போன்ற சொற்கள் கட்டத்துக்குள் இருந்தால் உள்ளே ஒரு வாதமே ஒளிந்திருக்கிறது, பிரித்துவிடுங்கள்.

கேள்வி: இது கணினி வந்த பிறகு தோன்றிய முறையா?

பதில்: இல்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் ஹென்றி விக்மோர், வழக்கொன்றின் சான்றுகள் எதை எப்படித் தாங்குகின்றன என்பதைக் குறியீடுகளாலும் கோடுகளாலும் காட்டும் முறையை 1913இலேயே வெளியிட்டார். குறியீடுகள் மிகுந்திருந்ததால் வழக்கறிஞர்களிடையே அது பரவலாக வேரூன்றவில்லை. மென்பொருள்கள் செய்தது, அழித்து வரையும் சலிப்பைக் குறைத்ததுதான்; எந்தக் காரணம் எதனுடன் சேரும் என்பதை இன்றும் வரைபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.